எஞ்சின் இல்லாத வள்ளம்

டயனா: மெல்லக் கதைங்க, றொபி... மகள் வள்ளத்தில ஏறிட்டாள். தானாவே ஏறிட்டாள்!

றொபி: பாத்தன், பாத்தன். சிரிக்கிறாள், அங்க பார்...

டயனா: போன வருசம் எஞ்சின் சத்தம் கேட்டதும் தண்ணிக்குள்ள குதிக்கப் போனவள். இண்டைக்கு என்ட தங்கச்சிட கலியாணம், மகள விட்டுட்டு எப்படிப் போறது எண்டு ரெண்டு கிழமையா எனக்கு நித்திரையில்ல.

றொபி: அதான் எஞ்சினக் கழட்டி வீட்ட வச்சிட்டன். சோளகக் காத்து நல்லா வீசுது. பாயிலயே உச்சமுனைக் கோயிலுக்குப் போயிரலாம்.

டயனா: அண்ணன் போன்ல பகிடி பண்றார். நாம போய்ச் சேரக்குள்ள கலியாணப் பொண்ணுக்குப் பிள்ளையே பிறந்திருமாம்.

றொபி: பண்ணட்டும். அது சரி, வாளி எதுக்கு?

டயனா: தண்ணி இறைக்க.

றொபி: அதுக்குத்தான் தகர ரின் கிடக்கே...

டயனா: கிடக்கட்டும். துடுப்பில ஏன் சீலை சுத்தியிருக்கு?

றொபி: கட்டையில உரசினா கீச்சிடும். பல்லுக்குள்ள ஊசி இறங்கின மாதிரி.

டயனா: மகள் கதைக்கிறதே நாலு சொல்லு. ஊசி எண்டு எப்ப சொன்னாள்?

றொபி: ...சும்மா, நினைச்சன்.

டயனா: பாயிட ஓரத்தையும் மடிச்சுத் தைச்சிருக்கீங்க.

றொபி: காத்துக்குப் படபடக்கும்...

டயனா: அதுவும் சும்மா நினைச்சதோ?

றொபி: விடு. கோயில் வாசல்ல உன்ட அண்ணன் சீனவெடி கட்டுக்கட்டா வச்சிருக்கார், அதச் சொல்லு. ஓட்டிசம் பிள்ளைக்கு ஆகாது எண்டு எத்தின தரம் சொல்லியாச்சு. கேக்கிற ஆளா?

டயனா: வெடிய நான் பாத்துக்கொள்றன்.

றொபி: எப்படி? நம்மட கலியாணத்திலயும் அவர்தானே...

டயனா: நம்மட கலியாணத்தில வெடி கொளுத்தினதும் மாப்பிள்ளையக் காணல்ல. வள்ளத்தக் கட்டப் போனதாச் சொன்னீங்க.

றொபி: டயனா...

டயனா: ம்?

றொபி: வள்ளம் கட்டப் போகல்ல. கோயிலுக்குப் பின்னால காதப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தன். எனக்கும் மகளுக்குப் போலத்தான். ஒன்பது வருசமா... வெக்கத்தில சொல்லல்ல. நல்ல காலம், அண்டைக்கு மிச்ச வெடியெல்லாம் நனைஞ்சு போச்சு.

டயனா: தானா நனையல்ல, றொபி. நீங்க குந்தியிருந்தத நான் பாத்தன். கலியாண உடுப்போட கிணத்தடிக்குப் போய், ஒரு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வந்து ஊத்தினது நான்தான். இந்த வாளியையும் மறக்காம ஏத்துங்க.