அரைச் சுத்து

அந்த ஸ்டூல் வேணாம் லோகன், ஒன் ஏணியவே போட்டுக்க. அதுல ஒரு கால் ஆட்டம். உடனே தங்கமணி ஆன்டிக்கு நம்ம மேல அக்கற வந்துருச்சுன்னு நெனச்சுக்காத. நீயும் விழுந்து மண்டய ஒடச்சுக்கிட்டா அதுக்கும் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அலையணும்.

என்ன, பையவே நோண்டிக்கிட்டு இருக்க? கோவமா? கோவப்பட வேண்டியது நானு. நீ மாட்டிட்டுப் போன விளக்குலேர்ந்து கண்ணாடி கவரு ஒடஞ்சு ஒங்க அங்கிள் மண்டையில விழுந்துச்சு. ஏழு தையல். அத போட்டோ புடிச்சு நம்ம அடுக்குமாடி ப்ளோக் வாட்சாப் குரூப்ல போட்டேன். லோகன் வேல சுத்த மோசம், இந்த ஆள நம்பாதீங்கன்னு எழுதுனேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கீழ மீட்டிங். பதினோரு வருஷமா இந்த ப்ளோக்குல மாடிப்படி லைட்டு, தண்ணி மோட்டரு எல்லாம் நீதான் பாக்குற. இனிமே நீயா வேற ஆளான்னு இன்னிக்கு முடிவு பண்ணிருவாங்க. மொதல்ல என்னத்தான் பேசச் சொல்லியிருக்கா சந்திரகலா. ப்ளோக் தலைவியாச்சே அவ. மைக்கப் புடிச்சா மந்திரின்னு நெனப்பு.

அதனால காசு வாங்காம மாட்டிக் குடுத்தா இவ வாய அடச்சிரலாம்னு மட்டும் நெனைக்காத. நான் ஒன்னக் கூப்புடவும் இல்ல. அவருதான் கூப்புட்டாரு.

சரி, கொண்டாந்தத காட்டு. இது என்ன, பிளாஸ்டிக்கா? விழுந்தாலும் ஒடயாதா? அடடா, என்னா மூள! ஐஸ் கச்சாங் கிண்ணத்தக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு. அவரு வேற மஞ்ச பல்புதான் வேணும்னு அடம் புடிக்கிற ஆளு, அந்தச் சூட்டுல ரெண்டே மாசத்துல பழுத்துரும். அந்தப் பக்கம் வையி. அடுத்தது? நீலப் பூ. ரெண்டு பக்கமும் வெள்ளையா தொங்குறப்ப நடுவுல இது மட்டும் பூ வெச்சுக்கிட்டு நிக்கணுமா? ஒன் வீட்டுல மாட்டிக்க லா.

மூணாவது... இரு, வெளிச்சத்துக்குக் கொண்டா. பால் வெள்ள. ஓரம் அல அலயா. அதே மாதிரிதான் இருக்கு. எங்க புடிச்ச? கிள்ளான்லயா? இந்த ஒரு கண்ணாடிக்காக அவ்ளோ தூரம் போயி, பழய சாமான் கடையில ஏணி போட்டு ஏறித் தேடுனியா? வேல வெட்டி இல்லாதவன். ஆமா, வேல போவப் போவுதுன்னா மனுஷன் எங்க வேணாலும் போவான்.

அந்த வாசு மாதிரி இல்ல, அத ஒத்துக்கிறேன். அதான், செராஸ்காரன், சந்திரகலாவோட சித்தி மகன். ஒன் எடத்துல அவனத்தான் போடப் போறாங்க, தெரியுமில்ல? போன வாரம் இங்க வந்தான். டேப்ப டாக்டரு மாதிரி கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு. இந்தப் பக்கத்து கவரு இருக்குல்ல, அதோட கீழ் வாய அளக்குறான். தம்பி, ஸ்க்ரூ மூணும் மேல கழுத்தத்தான புடிக்குது, நீ வாய எதுக்கு அளக்குறன்னு கேட்டேன். ஆன்டி, ஐ நோ லா ங்குறான். ஆறு இஞ்சுன்னு எழுதிக்கிட்டுப் போயி மறுநாளு ஒண்ணக் கொண்டாந்தான். கழுத்தே ஆறு இஞ்சு! பரங்கிக்கா சைசு. நம்ம விளக்கு வளையம் அதுக்குள்ள போயி தாளம் போடுது. இவன் கையில மாடிப்படி லைட்டக் குடுத்தா அப்புறம் டார்ச்சு அடிச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் படி ஏறணும்.

மேல ஏறிட்டு என்ன அந்த ஸ்க்ரூவயே பாத்துக்கிட்டு நிக்கிற? பழசக் கழட்டிப் போட்டுட்டு நீ வேலயப் பாரு.

அங்கிளா? அடுப்படியில இருக்காரு. நாற்காலியத் தூக்கிக்கிட்டு அங்க குடி போயிட்டாரு. பேப்பரு, டீ, தூக்கம் எல்லாம் அங்கதான். ரயில்வேல முப்பத்தோரு வருஷம் சிக்னல் பாத்த ஆளு, கொடி காட்டித்தான் பழக்கம். இருபத்திமூணு நாளா என்கிட்ட ஒரு வார்த்த பேசல. உப்பு வேணும்னா எந்திரிச்சு வந்து அவரே எடுத்துக்கிறாரு. நேத்துதான் அந்த வாயிலேர்ந்து சத்தம் வந்துச்சு, அதுவும் போன்ல, ஒன்கிட்ட. லோகன், நீயே வந்து மாட்டு, அப்பதான் நான் ஹால்ல ஒக்காருவேன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். ஒரு ஆளு நிக்கிதேன்னு இல்ல. இவ்ளோ பெரிய ஹால்ல நான் மட்டும் டிவிய வெச்சுக்கிட்டு கெடக்கேன், நாடகத்துல என்ன நடக்குதுன்னு சொல்லக்கூட நாதியில்ல.

ம், ஒக்காந்துருச்சு. கழுத்து சரியாத்தான் இருக்கு. ஸ்க்ரூவப் போடு. அவ்ளோதானா? வெறும் ரெண்டு வெரலாலயா? ஏன் பின்னால திருப்புற?

தெரியும், தெரியும். கண்ணாடியத் தொட்டதும் அர சுத்து பின்னால விடணும், பல்பு சூட்டுல கண்ணாடி விரியும், எடம் இல்லன்னா வெடிச்சிரும். போன வாட்டியும் இதே பாட்டத்தான் பாடுன. நீ பாடிட்டு எறங்கிப் போயிருவ. அப்புறம் ஃபேனப் போட்டு காத்துல கவரு ஆடுனா யாரு காதுல விழுது? டிங் டிங் டிங்னு, தலைக்கு மேல சாமி மணி ஆட்டுற மாதிரி. நாடகத்துல ஒருத்தி செத்துக்கிட்டு இருக்கா, கடைசியா என்ன சொல்றான்னு கேக்க முடியல. ரெண்டு வாரம் பொறுத்துக்கிட்டேன் தம்பி. ரெண்டு வாரம்.

எறங்கு. ஏய், அந்தப் பழய ஸ்க்ரூவ ஏன் பாக்கெட்டுல போடுற? குடு இங்க. குடுன்னா குடு லா.

ம். தல பூரா பல்லு பதிஞ்சு கெடக்கு. நீ ஏறுனதுமே பாத்துட்ட. நீ பாத்தத நானும் பாத்தேன். வெரலாலயே திருப்புற ஸ்க்ரூவுக்கு எவன் ப்ளையரு போடுவான்னுதான யோசிக்கிற? எவனும் போடல. எங்க வீட்டு ப்ளையருதான், மத்தி மீன் டின்னு வளையம் பிஞ்சுட்டா இழுக்குறதுக்கு வெச்சிருக்கேன். அந்த ஆட்டக்கால் ஸ்டூல்ல ஏறி நான்தான் முறுக்குனேன். நேரா கீழ ஒக்காந்து பேப்பரு படிச்சுக்கிட்டு இருந்தாரு அவரு. வேணாம் தங்கமணி, லோகன் சொன்னான்லன்னாரு. நீங்களும் லோகனும் என்னத்தக் கண்டீங்கன்னு இன்னொரு முறுக்கு முறுக்குனேன். மூணாம் நாளு விழுந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரு எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. இவரு பதில் சொல்லல, என் மூஞ்சியத்தான் பாத்தாரு. நான் முந்திக்கிட்டு, எலக்ட்ரீசியன் ஒழுங்கா மாட்டல டாக்டர்னேன். அப்ப மூடுன வாய்தான் அது. தையலுக்காக இல்ல. தையலுக்கு ஒரு நாளு கூட மொகத்தத் தூக்கல.

மெதுவா எதுக்குப் பேசணும்? அடுப்படிக்குக் கேக்கட்டும்னுதான் கத்துறேன்.

நீ ஒண்ணும் என்ன அப்புடி பாக்காத. ஒன்னப் பாத்து பாவப்பட்டெல்லாம் நான் சொல்லல. கூடப் பொழச்ச மனுஷன் என் மூஞ்சிய அப்புடி பாத்துட்டாரு, இருபத்திமூணு நாளா அது என்னத் தூங்க விடல. அஞ்சு மணிக்கு இந்த ஸ்க்ரூ மூணயும் கொண்டு போயி மேசையில வெக்கப் போறேன், அந்த ப்ளையரோட. சந்திரகலா சிரிப்பா. ஊரே சிரிக்கும், குரூப்ல மஞ்ச மஞ்சயா சிரிப்பு மூஞ்சியா அனுப்பித் தள்ளும். அனுப்பட்டும். என் மானத்த நானே போட்டோ புடிச்சுப் போட்டவதான. நீயும் வந்து நில்லு, சட்டய மாத்திக்கிட்டு வா, பெயிண்டு கறயோட வந்து நிக்காத.

நாற்காலி இழுக்குற சத்தம் கேக்குதா? வர்றாரு. ஓடாத, ஏணிய அப்புறம் எடுக்கலாம். எதுவும் பேசாத நீ, அவரு ஒக்காரட்டும்.

ம்... ஒக்காந்துட்டாரு. அதே எடத்துல.

சுவிட்சு ஒன் பக்கந்தான் இருக்கு, ஃபேனப் போடு. கேக்குதா, டிங் டிங்னு? அணைக்கவா கைய நீட்டுற? தொடாத. அது பாட்டுக்கு அடிக்கட்டும்.