நின்றால் மூடியைத் திற

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நெட்டையன் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். இது அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது.

விளக்குப் போடும் நேரம். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ரயில் பாதைக்கு அடியில் இறங்கி ஏறும் சுரங்கச் சாலை... முன்னே பின்னே ஒரு வண்டி இல்லை. அதற்குள் ஒரு பழைய வேன் இறங்கியது. ஓட்டியவர் சித்தப்பா. பக்கத்தில் அவருடைய மகள், பத்து வயதுப் பெண்.

பொறுங்கள். அந்த வேன் யாருடையது என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

சித்தப்பா மெக்கானிக். வேலை அரைகுறை, வாய்ச் சவடால் முழுசு. எந்த வண்டியில் என்ன குறை சொன்னாலும், "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்பார். கடைசியில் அவருடைய பட்டப்பெயரே 'ஓடுதுல்ல' என்று ஆகிவிட்டது.

அந்த வேன் ஒரு தையல்காரம்மாவுடையது. தங்கமான மனுஷி. வெட்டி மிஞ்சிய துணிகளை மூட்டையாகக் கட்டி, கை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று பட்டறைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு நாள், "வண்டிக்குள்ள ஒரே பெட்ரோல் நாத்தம்ண்ணே, பிள்ளைங்களுக்குக் குமட்டுது," என்று வந்து நின்றார்.

பெட்ரோல் டேங்குக்குக் காற்று போய்வர ஒரு சின்னக் குழாய் உண்டு. அது வெடித்திருந்தது. புதுசு மாற்ற வேண்டும். டேங்கை இறக்கி ஏற்ற சித்தப்பாவுக்குச் சோம்பல். அந்த அம்மா கொடுத்த மூட்டையிலிருந்தே ஒரு துண்டை உருவி, குழாய்க்குள் திணித்து இறுக்கி அடைத்துவிட்டார். நீலத் துணி... பள்ளிச் சீருடை தைத்ததில் மிஞ்சியது. ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நாற்றம் நின்றது. வண்டியும் நிற்க ஆரம்பித்தது. டேங்குக்குள் காற்று போக வழியில்லை என்றால் கொஞ்ச தூரத்தில் இஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. டேங்கு மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஓடும். தையல்காரம்மா வந்து முறையிட்டார்.

"நின்னா, இறங்கி மூடியைத் திறந்து மூடுங்கம்மா. ஓடுதுல்ல? அப்புறம் என்ன?"

ஒரு பேய் மழையில், பிள்ளைகளைக் கூட்டிவரப் போன வண்டி இந்தச் சுரங்கச் சாலையில் நின்றது. தண்ணீர் ஏறிவிட்டது. கதவு திறக்கவில்லை. பிள்ளைகள் பள்ளி வாசலில் காத்துக்கொண்டே இருந்தார்கள். வண்டியை வெளியே எடுத்தபோது அந்த அம்மாவின் ஒரு கை, பாதி மட்டும் இறங்கிய ஜன்னல் வழியாக நீண்டிருந்தது, டேங்கு மூடி இருக்கும் பக்கமாக. எட்டவில்லை.

கணவர் பட்டறைக்கு வந்து, "எதனாலண்ணே நின்னுச்சு?" என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளும் கூடவே நின்றார்கள்.

சித்தப்பா கண் இமைக்காமல் சொன்னார். "பெட்ரோல் தீர்ந்திருக்கும். அவங்க எங்க முள்ளைப் பார்த்தாங்க?"

பாவி மனுஷன். அன்றிலிருந்து அந்த வீட்டில், அம்மா செத்தது அம்மாவின் அலட்சியத்தால் என்று ஆகிவிட்டது. பட்டறைக்கு இழுத்து வந்திருந்த வண்டியைக் கணவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டுப் போனார். சித்தப்பா முதல் வேலையாக நீலத் துணியை உருவி எரித்தார். குழாயைப் புதுசு மாற்றினார். இஞ்சினைப் பிரித்து மாட்டி, தன் வீட்டு வண்டியாக்கிக்கொண்டார்.

அந்த வண்டிதான் இப்போது சுரங்கச் சாலையில் இறங்கியது...

பாதியில் இஞ்சின் இருமியது. ஒரு முறை... இன்னொரு முறை. நின்றுவிட்டது.

முள்ளைப் பார்த்தார். டேங்கு நிறைய பெட்ரோல். சாவியைத் திருகினார். டிக்... டிக்... அவ்வளவுதான். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. மகள் பக்கக் கதவும் திறக்கவில்லை. வெளியே சாலையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. ஆனால் வண்டிக்குள், மிதிக்கும் இடத்தில், சில்லென்று தண்ணீர் ஊறியது.

கூடவே ஒரு வாசனை. பெட்ரோல் இல்லை. தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்... ஈரத் துணி... துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி.

"அப்பா, பின்னாடி யாரோ மூச்சு வாங்குறாங்கப்பா," என்றாள் மகள்.

தண்ணீர் மகளின் முழங்காலுக்கு ஏறியது. ஜன்னல் பாதிக்கு மேல் இறங்கவில்லை; சித்தப்பா அதன் வழியே கையை நீட்டி டேங்கு மூடியைத் தேடினார். எட்டவில்லை. விரலுக்கும் மூடிக்கும் ஒரு சாண் இடைவெளி. கையை இழுத்துக் கும்பிட்டார்.

"தாயே, நான்தான் அடைச்சேன். உன் மேல பழியைப் போட்டதும் நான்தான். நாளைக்கே உன் வீட்டுல போய்ச் சொல்லிடறேன். என் பிள்ளையை விட்டுடு."

எல்லாம் அடங்கியது... பிறகு, யாரும் தொடாமலே, டேங்கு மூடி கரகரவென்று திருகித் திறந்துகொள்ளும் சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

நீண்ட மூச்சு. தண்ணீர் வடிந்தது. இஞ்சின் தானாகவே ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து சூடாகக் குளித்தார். சாப்பிட்டார். வயிறு நிறைந்ததும் தைரியம் திரும்பிவிட்டது. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

"சொல்லிட்டு வாங்கப்பா," என்று மகள் கெஞ்சினாள்.

"வண்டி ஓடுதுல்ல? அப்புறம் என்ன?"

அன்று ராத்திரி படுத்தவர் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. முகம் நீலம் பாரித்திருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே எதையோ எட்டிப் பிடிக்கப் போனது மாதிரி விறைத்து நின்றது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயிலிருந்து ஒரு துணியை எடுத்தார்கள். அத்தனை ஆழத்தில் அது எப்படிப் போனது என்று டாக்டருக்கே விளங்கவில்லை. சித்தி அதைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

மகளிடம் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அவளையும் கூட்டிக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். மகள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் சுவரில் சாய்ந்து அழுதார். பெரிய பிள்ளை மட்டும் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தது.

நீலத் துணி. ஆனால் நூல் பிரிந்து தொங்கவில்லை. நாலு ஓரமும் அழகாக மடித்து, பொடிப்பொடியாகத் தைத்திருந்தது.

பிள்ளை அதை விரலால் தடவிப் பார்த்தது.

"இது எங்க அம்மா தையல்," என்றது. "இன்னும் ஈரமா இருக்கு."