மூன்றாவது திரை

வெள்ளைச் சுவரில் படம் விழச்செய்வது பார்க்க எளிதாகத் தெரியும். சுவரில் சின்ன மேடு இருந்தால்கூட முகம் கோணிவிடும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முழுக்க, ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பக்கத்துக் காட்சிக்கூடத்தில் உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்கே இருந்தேன் என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

நான் ரோனா பென்னிங்டன். இருபது வருடமாகக் காணொளிக் கலை செய்கிறேன். பெண்ணின் உடம்பு, அதன்மேல் விழும் அடி. வேறெதையும் நான் எடுத்ததில்லை.

எங்கள் அப்பா காகித ஆலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை அம்மா கழுத்தை மூடிய சட்டை போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வருவாள். போதகரின் மனைவி அந்தக் காலரைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு அழகா தெச்சிருக்க, மார்ஜரி" என்பாள். அப்பாவைவிட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம். அது இன்னும் ஆறவில்லை.

போன கண்காட்சியில் அம்மாவின் காலிச் சட்டைகள் காற்றில் ஆடுவதை மட்டும் காட்டினேன். ஒயின் கோப்பையோடு ஒருவர் வந்து, "ரொம்ப நளினமா இருக்குங்க" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி நளினம் கிடையாது.

தங்கை பெத்தனி என்னைவிட எட்டு வயது இளையவள். அவள் கணவன் லாக்லன் கூரை போடுகிறவன். கோடையில் அவள் விரல் ஒடிந்து வந்தபோது, அவள் வீட்டில் இரண்டு கேமரா பொருத்தினேன். ஒன்று குளிர்பதனப் பெட்டிக்கு மேலே, ஒன்று நடையில்.

"இது போலீசுக்கா, உன் படத்துக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும்தான். நீ எப்ப சொல்றியோ அப்ப கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"என் மூஞ்சிய மட்டும் காட்டிடாத, ரோனா. மத்தத எப்படியோ பண்ணிக்கோ."

அவள் முகம் என் படத்தில் எங்கேயும் இல்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று திரைகள். முதலாவதில் காலையில் பாத்திரம் கழுவும் கைகள். இரண்டாவதில் கன்றிப்போன தோல், கறுப்பிலிருந்து மஞ்சளாக மாறும்வரை. மூன்றாவதில் அப்போது ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்தச் சமயம் பார்த்து லாக்லன் குடியை விட்டுவிட்டான். செவ்வாய்தோறும் ஆண்களுக்கான ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனான். பெத்தனி போன் செய்து சிரித்தாள்.

"அஞ்சு வாரம் ஆச்சு, ரோனா! நேத்து அவனே கேக் சுட்டான். கரிக்கட்ட மாதிரி இருந்துச்சு, ரெண்டு பேரும் தின்னு தீர்த்தோம்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவும் நடுநடுவே இப்படிச் சிரித்தவள்தான். திறப்பு விழாவுக்குப் பதினோரு நாள் இருந்தது. காட்சிக்கூடப் பொறுப்பாளர் இமோஜென் வந்து பார்த்தாள்.

"ரெண்டோட நிறுத்திக்கலாமே, ரோனா. இதுக்கே எனக்கு வயித்தப் பெரட்டுது."

வயிற்றைப் புரட்டினால் போதாது என்று சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பத்துக்கு லாக்லன் வீட்டுக்குள் வந்தான். கேமரா வழியாக என் கைபேசியில் தெரிந்தது. உப்புத்தாளைக் கீழே வைத்தேன். நான்கு நிமிடம் நடந்தது. ஒரே ஒரு முறை பெத்தனி தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள். என் பெயரைச் சொன்னாள். படத்தில் அதை வைக்கவில்லை. குரல் இருந்தால் பார்ப்பவர்களின் கவனம் உடம்பிலிருந்து விலகிவிடும். காவல் நிலையம் அவள் தெருமுனையிலேயே இருக்கிறது. அந்த நான்கு நிமிடமும் கைபேசி என் கையில்தான் இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் உங்களைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெத்தனிக்கு மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது கேமராக்களைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தாடை உடைந்திருந்தது, இடது கண் போய்விட்டது. அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. படத்தொகுப்பு அவ்வளவு கடினமாக இருந்தது.

திறப்பு விழாவில் யாரும் நளினம் என்று சொல்லவில்லை. ஒயினை யாரும் தொடவில்லை. ஒரு பெரியவர் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். இருபது வருடத்தில் முதல்முறையாக எனக்கு மனம் ஆறியது. பெத்தனிக்குக் கட்டுப்போட்ட செவிலி அங்கே வருவாள் என்றோ, தோளிலிருக்கும் தழும்பை அடையாளம் காண்பாள் என்றோ நான் நினைக்கவில்லை. உங்களிடம் வந்ததில் அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பார்த்தாளே, அது போதும்.

இப்போது நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் தொலைபேசிப் பட்டியலுக்கு வருகிறேன். ஆமாம், சனிக்கிழமை இரண்டே முக்காலுக்கு லாக்லனைக் கூப்பிட்டது நான்தான். "பெத் உன்ன விட்டுட்டுப் போறா. லான்செஸ்டன்ல வீடு பாத்துட்டா. நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றேன். அவள் எங்கேயும் வீடு பார்க்கவில்லை. அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெள்ளிக்கிழமையே போய் இரண்டு கேமராவிலும் பேட்டரி மாற்றினேன். அப்போது பெத்தனி எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

கண்காட்சியை மூடிவிட்டதாகச் சொல்கிறீர்கள். பரவாயில்லை. தாடை கூடி அவள் வீடு திரும்பியதும், அவளுக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுகிறேன். நான் யார் பக்கம் நின்றேன் என்று அப்போது அவளுக்குப் புரியும்.