செவ்வாய் மாலைகளின் வசுமதி டீச்சருக்கு

மலைமேடேறி, மழையில் நனைந்து, மாற்றுத்திறன் மழலையரின் கைகால் பிடித்து இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் வசுமதி டீச்சரே! நம் பயிற்சி மையத்துப் பணியாளர்கள் உங்கள்முன் நின்று வாசிக்கும் வணக்க மடல் இது.

அன்பின் உருவே, அறத்தின் திருவே என்றுதான் தொடங்கினோம். எழுதும்போதே உங்கள் களைத்த முகம் கண்ணில் வந்து நின்றது. அடைமொழிகளை அடித்துவிட்டோம்.

எங்கள் பிழை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒன்றரை வயதாகியும் உட்காராத கோகிலனுக்குப் பயிற்சி தர, தேயிலைத் தோட்டத்திலிருந்து அவனைக் காலை ஒன்பது மணிக்கு அழைத்துவரும்படி மூன்று முறை கடிதம் அனுப்பினோம். வரவில்லை. 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று எழுதிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டோம். தேயிலைக் கொழுந்து எடுக்கும் அவன் தாய் ஒன்பது மணிக்கு எங்கே இருப்பாள் என்று எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எங்களில் பலர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்கள்தான்.

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய் மாலை, நீங்கள் கோகிலன் வீடு இருக்கும் லயத்துக்குப் போனீர்கள். நனைந்த மழைக்கோட்டைக் கழற்றியபடி அவன் தாய் மாரியம்மா கேட்டாராம்:

"காலையில வான்னா எப்படி டீச்சர் வர்றது? கொழுந்தெடுக்க மலைக்கு யாரு போவா?"

"நீ வர வேணாம்லா. செவ்வாய்க்குச் செவ்வாய் நான் வர்றேன். சோறு ஊட்டுற நேரத்துல நான் காட்டுறத மட்டும் செய்."

மடியிடுக்கில் முதுகு தாங்கி உட்கார வைத்து, கரண்டியைச் சற்றே பக்கவாட்டில் நீட்ட வேண்டும். அவன் திரும்பி எட்ட வேண்டும். அவ்வளவுதான். பதினோரு மாதங்களில் கோகிலன் தானாக உட்கார்ந்தான். இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறான். வீணாகிப்போன அந்த எட்டு மாதத்தைப் பற்றி நீங்கள் எங்களிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. பெயரைத் திரும்ப எழுதச் சொன்னீர்கள். அது எங்களுக்கு இன்னும் கனக்கிறது.

சென்ற வாரம் விழா பற்றிப் பேச வந்தபோது, வலிக்கும் முழங்காலைத் தடவியபடி சொன்னீர்கள்: "மாலை மரியாதையெல்லாம் எதுக்கு? கோகிலன் நடக்கப்போற நேரம். செவ்வாய்க்கிழமை யாரு போறது, அதைச் சொல்லுங்க."

நாங்கள் விழாப் பட்டியலுக்கே திரும்பினோம். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. எல்லோருக்கும் வீடு இருக்கிறது, களைப்பு இருக்கிறது.

பதிலை இன்று தருகிறோம். எங்களில் ஒரு செவ்வாய் ஹரிதாசும், மறு செவ்வாய் சுபத்ராவும் போவார்கள். உங்கள் கைப்பக்குவம் எங்களுக்கு வராது, தடுமாறுவோம். தடுமாறினால் உங்களைத் தொலைபேசியில் அழைக்கத் தோன்றும். எடுக்காதீர்கள், டீச்சர். வெந்நீரில் கால் வைத்து உட்காருங்கள்; நோயின்றி நெடுநாள் இருங்கள். எப்படிப் பிடிப்பது என்று மாரியம்மாவிடமே கேட்டுக்கொள்கிறோம். அவருக்குத்தானே நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள்.

நன்றியோடும் சிறிது வெட்கத்தோடும்,
மையத்துப் பணியாளர்கள்