ஓடை முனை கேமரா

— சாயங்காலம் ஊர்க் கூட்டத்துல நான் பேசத்தான் போறேன் அக்கா. உன் சிறுத்தை என் நாயைக் கொன்னுடுச்சு. நீ குறுக்க வாயைத் திறக்காதே.

— முதல்ல ஜன்னலைச் சாத்திட்டுக் கத்து. என் சிறுத்தையாமே! நான் என்ன அதைத் தொட்டில்ல போட்டா வளர்த்தேன்?

— பின்னே? வனத்துறைக்காரன் ஒரு தொப்பி கொடுத்தான், நீயும் மாட்டிக்கிட்டே. சிறுத்தையைப் படம் பிடிக்கக் காடு பூரா கேமரா கட்டிக்கிட்டுத் திரியற.

— அவன் வந்து கட்டினா அவன் சொன்னதுதான் கணக்கு. நாமளே பார்த்துச் சொன்னாத்தான் நம்ம பேச்சு எடுபடும்னு அன்னைக்கு முதல்ல கை தூக்கினது யாருடா? நீதானே?

— அப்ப என் மேனேஜர் உயிரோட இருந்தான். வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு எல்லாரையும் குரைச்சு அதட்டறான்னு அந்தப் பேரை வெச்சதே நீதான். மறந்துட்டியா?

— எனக்கு மட்டும் வயிறு எரியலையா?

— எரிஞ்சா சிறுத்தைக்கு விஷம் வைக்க ஒத்துக்கோ. இல்ல, ஒதுங்கிக்கோ. கேமராவை எல்லாம் கழட்டு. முதல்ல அந்த ஓடை முனையில இருக்கறதை.

— அது ஏன் முதல்ல?

— ஏதோ வாயில வந்துச்சு.

— போன வாரம்தான் அங்க மாத்திக் கட்டினேன். யார்கிட்டயும் மூச்சு விடல.

— போற வழியில கண்ணுல பட்டுச்சு.

— அந்த முள்ளுக்குள்ள உனக்கு என்னடா வழி?

— நீ கூடப் பொறந்தவளா, போலீஸா?

— பன்னிக்குச் சுருக்குக் கம்பி வைக்காதே, வைக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! பன்னி எது, நாய் எதுன்னு கம்பிக்குத் தெரியுமாடா?

— யார் கம்பி வெச்சா? நீ பார்த்தியா?

— பார்த்தேன். காலையிலதான் படத்தை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். சிறுத்தை கடிச்ச நாயை எதுக்குடா குறடால கம்பியை வெட்டி எடுக்கணும்?

— ...அழிச்சிடு. ஊர் காறித் துப்பும். உன் காலைப் பிடிக்கறேன், அழிச்சிடு அக்கா.

— நீ செஞ்சதுக்கு அந்தச் சிறுத்தை விஷம் தின்னு சாகணுமா? குட்டி வேற போட்டிருக்கு. கூட்டத்துல நீயே எழுந்து உண்மையைச் சொல்லு. இல்லேன்னா நான் படத்தைக் காட்டுவேன்.

— காட்டு! நல்லாக் காட்டு! கம்பி வெச்சதுக்குத் தம்பி ஜெயிலுக்குப் போனா உனக்கு மனசு குளிர்ந்துடும். வளர்த்த நாயையே கொன்ன கல்நெஞ்சக்காரன்னு ஊரே சொல்லட்டும்!

— அப்படி எவனும் சொல்லமாட்டான்டா, மடையா. அந்தப் படத்துல நீ மேனேஜரை மடியில போட்டுக்கிட்டு அழுதுட்டிருக்கே.