கரடியின் கைக்குக் கீழே

குடும்பத்தோடு கடற்கரைக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் போக வேண்டுமென்றால், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரம்தான் சரியான காலம். கூட்டம் இருக்காது. அறை பாதி வாடகைக்குக் கிடைக்கும். பள்ளியிலும் முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் நடத்திவிட மாட்டார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. நீங்களும் பிள்ளைகுட்டிக்காரர் மாதிரித் தெரிகிறீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நாங்கள் நான்கு பேர். நான் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். காலணிக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற அட்டையை வெட்டும் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வை. என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எங்களுக்கு இரண்டு பையன்கள். ஐந்தாவதாக என் கொழுந்தனாரின் மகள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சாலை விபத்தில் ஒன்றாகப் போனபோது, அவளை நான்கு வயதில் வாரி எடுத்துக்கொண்டு வந்தது நான்தான். என் பையன்கள் பொடிசு என்று கூப்பிட்டார்கள், அந்தப் பெயரே நின்றுவிட்டது. நான்கு பேர் என்று தொடங்கிவிட்டு ஐந்தாவது என்கிறாளே என்று பார்க்காதீர்கள். சீட்டு வாங்குகிற கணக்கில் சொல்லிப் பழகிவிட்டது.

அந்தப் பூங்காவின் வாசலில் ஒரு கரடி பொம்மை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குக் கீழே நுழைந்து போகிற குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். பொடிசு முதல் வருடம் தாராளமாக நுழைந்தாள். மறு வருடம் அவள் தலைமுடி கரடியின் கையில் உரசியது. சீட்டுக் கிழிப்பவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் சீட்டு வாங்கணும் பாப்பா" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துத்தான் வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் போய் வருகிறோம்.

பிள்ளை வளர்ப்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் பாலும் முட்டையும் பையன்களுக்கு, அவர்கள் வளர்கிற பிள்ளைகள். அவளுக்குத் தேநீரும் ரொட்டியும். நான் பட்டினி போட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்றீர்கள். அது பெரிய வார்த்தை. அவள் தட்டு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. இரண்டாவது தடவை கேட்காமலிருக்கப் பழக்கினேன், அவ்வளவுதான்.

சமையலறைக் கதவுச் சட்டத்தில் கரடியின் கை உயரத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தேன். மாதம் பிறந்தால் அவளை அங்கே நிற்க வைப்பேன். கோட்டுக்குக் கீழே இருந்தால் சமத்து என்று கன்னத்தைத் தட்டுவேன். அந்தக் குழந்தைக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். போகப்போக, கூப்பிடாமலே வந்து நிற்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலை லேசாக மடக்கிக்கொள்வாள். ஒருநாள் என் சின்னவன் தான் குடிக்காமல் வைத்த பாலை அவளிடம் நீட்டினான்.

"வேணாண்ணா. வளந்துட்டா பெரியம்மா என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்த பேச்சல்ல அது. அவளாகவே புரிந்துகொண்டாள். கெட்டிக்காரி.

வகுப்பாசிரியை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டார். பிள்ளை எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறாளே, மருத்துவரிடம் காட்டினீர்களா என்றார். "அவங்கம்மாவும் இப்படித்தாங்க, குள்ளம், பூஞ்சை உடம்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவங்கம்மா என்னைவிட உயரம்ல?" என்றார். கூடத்தில் அவள் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. பார்க்கப் பார்க்கக் குழந்தை ஏங்கிப்போகும் என்று மறுநாளே கழற்றிப் பரணில் போட்டேன். அவரும்தான் அந்த வீட்டில் இருந்தார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் அவளுக்கு ஒன்பது வயது. முதல் நாள் கடற்கரை. கடலுக்கு யாரும் சீட்டுக் கேட்பதில்லை. ஆனால் உடைமைகளைப் பூட்டி வைக்கிற அலமாரிக்கு வாடகை கேட்கிறார்கள், அது வீண் செலவு. பொடிசைத் துணிமணிகளோடு உட்கார வைத்துவிட்டு நாங்கள் தண்ணீரில் இறங்கினோம். வெயில் ஏறிய பிறகு அவள் கேட்டாள்.

"பெரியம்மா, காலை மட்டும் நனைச்சுட்டு வரட்டா?"

"அப்ப துணிய யாரு பாத்துக்குவா?"

"ஆமால்ல" என்று மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். ஒரு பிள்ளை இவ்வளவு சொன்னபடி கேட்கிறதென்றால் வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மறுநாள் பூங்கா. முடியைப் படிய வாரிவிட்டிருந்தேன், கரடியின் கைக்குக் கீழே ஒட்டாமல் உரசாமல் உள்ளே போனாள். நாங்கள் வாங்கியது நான்கு பேருக்கான குடும்பச் சீட்டு. அதில் ரோலர் கோஸ்டரும் சேர்த்தி. ஆனால் ஊஞ்சல் படகில் ஆடிவிட்டு இறங்கிய என் கணவருக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. மரத்தடியில் படுத்துக்கொண்டார். அவருடைய சீட்டைத் திருப்பிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். ஒரு பொருளைக் கண்ணெதிரே வீணாகவிடுவது எனக்கு ஆகாது.

ரோலர் கோஸ்டர் வாசலிலும் அதே உயரத்தில் ஒரு கரடி நின்றது. அங்கே மட்டும் கைக்கு மேலே தலை தெரிந்தால்தான் ஏற விடுவார்கள். பொடிசைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். அவள் போட்டிருந்தது சின்னவனின் பழைய காலணி. காலுக்குத் தொளதொளவென்று இருக்கும். ரொட்டிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து, மேலே கைக்குட்டையைச் சுற்றி, இரண்டு காலணிக்குள்ளும் வைத்தேன். என் தொழில் அது. முடியை உச்சியில் தூக்கிக் கட்டினேன்.

கரடிக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வயது கேட்டான். ஒன்பது என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவன் தலையாட்டினான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெரியம்மா, நான் வளந்துட்டேனா?"

"ஆமா, வளந்துட்ட."

அப்போது அவள் சிரித்ததைப் போல் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சிரித்ததில்லை.

பையன்கள் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவள் என் பக்கத்தில். மடிக்கு மேலே இறங்குகிற கம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். அது என் வயிற்றில் முட்டி நின்றுவிட்டது. அவளுக்கும் கம்பிக்கும் நடுவே இன்னொரு குழந்தையை உட்கார வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. அந்த இளைஞன் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"டைட்டா இருக்காம்மா?"

பூங்காக்காரர்கள் எந்திரக் கோளாறு என்கிறார்கள். என் கணவர் விதி என்கிறார். இரண்டும் இல்லை. அந்த இடைவெளியை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் "இருக்குப்பா" என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவளை இறக்கிவிட்டிருப்பான், நான்காவது சீட்டு வீணாகியிருக்கும். வண்டி மேலே ஏறும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, வழுக்குது."

"கெட்டியா பிடிச்சுக்கோ, ஒண்ணும் ஆகாது" என்றேன். முதல் இறக்கம் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வண்டி பாதியில் நிற்பதில்லை, மிச்சச் சுற்றையும் சுற்றிவிட்டுத்தான் இறங்கினோம்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சு வயசு இருக்குமா?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். அவர் நம்பாமல் குனிந்து மறுபடியும் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரும் என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு இவளுக்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்திருக்காது என்றுதான் மனம் சொன்னது.