தாயம்மாவின் இடத்தில் யார் உட்காருவது?

பாதி ராயபுரத்தின் காதைத் திருகியே எழுத்தறிவித்த பெருந்தகை, இக்கூட்டத்தின் தலைவர், தலைமையாசிரியர் ஞானதுரை அவர்களே. மேடை ஓரத்து நாற்காலியில், எழுந்து போய்விடலாமா இருக்கலாமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் சாக்குக் கிடங்கு முதலாளி கிருஷ்ணப்பன் அவர்களே. துறைமுகத்தில் மூட்டை சுமந்து தோள் காய்த்த தோழர்களே. தொழுகை முடித்து நேரே இத்திடலுக்கு வந்திருக்கும் பெரியோர்களே. இடப்பக்கம் பாயில் இடமின்றி நெருக்கி அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே. அந்தத் தாய்மார்களின் மடியில் உறங்கிக்கொண்டு, என் பேச்சை இதுவரை குறை சொல்லாத ஒரே கூட்டமாகிய கைக்குழந்தைச் செல்வங்களே. உங்கள் அனைவருக்கும் சபீஹாவின் சலாமும் வணக்கமும்.

நோட்டீசில் என்னைச் சொற்பொழிவாளர் என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் மாநகராட்சி மருத்துவச்சி. கல்மண்டபத்திலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைப்பேறு பார்ப்பவள். இங்கே இருக்கும் பலரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர்கள் உடம்பில் துணி இல்லை. முன்வரிசையில் மீசை முறுக்கும் தம்பி, சிரிக்காதே, உன்னையும்தான் சொல்கிறேன். நீ பிறந்தபோது அழவே இல்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டித்தான் உன் வாயைத் திறக்க வைத்தேன். அதன்பிறகு நீ மூடவே இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள்.

இன்று நாம் சாக்குக் கிடங்கின் வாசலில் ஒரு தொட்டில் கொட்டகையை முறைப்படி திறந்து வைத்திருக்கிறோம். எனக்குக் கொடுத்த தலைப்போ, பிள்ளைகள் வேலைக்குப் போவதற்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்பது. தொட்டிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் முகம் கேட்கிறது. பொறுங்கள். பத்து மாதம் பொறுப்பவர்களோடு பழகியவள் நான், உங்களிடம் பத்து நிமிடம் கேட்கிறேன்.

எனக்கு முன் பேசிய மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். வறுமை. அழகாகச் சொன்னார்கள், நானும் கை தட்டினேன். ஆனால் அன்பர்களே, வறுமை என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. அது யார் வீட்டுக் கதவையும் தட்டாது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. வறுமை என்று சொன்னால் முதலாளி தலையாட்டலாம், தகப்பன் பெருமூச்சு விடலாம், ஆசிரியர் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடலாம், மருத்துவச்சி பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். வறுமை இல்லையா? இருக்கிறது. இந்தப் பேட்டையில் அது இல்லாத சந்து எது? ஆனால் ஒரே சந்தில், ஒரே கூலியில், ஒரு வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள், பக்கத்து வீட்டுப் பெண் போகவில்லையே, அது ஏன்?

யாரது, கள்ளுக்கடை என்று சொன்னது? கடையை மூடி ஐந்து வருஷமாகிறது அண்ணே. மூடின கடைமேல் இன்னும் எத்தனை நாள் பழி போடுவீர்கள்? வேறு காரணம் தேடுங்கள். நான் தேடிய கதையைச் சொல்கிறேன்.

போன ஆண்டு ஆடி மாதம், ஒரு காலை வேளை. மூட்டை தூக்கும் வேலப்பன் வீட்டில் அவன் மனைவி தாயம்மாவுக்கு நான்காவது பிரசவம். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தவள் மூத்தவள் ராஜாத்தி. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மூட்டை முடிச்சோடு ஓடிய வருஷத்தில், என் கையில் பிறந்தவள். வயது பத்து. நான்காம் வகுப்பு. எந்த வீட்டிலும் குழந்தை அழுதவுடன் எல்லோரும் கேட்பது ஆணா, பெண்ணா என்றுதான். ராஜாத்தி அதைக் கேட்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்த் தன் சிலேட்டுப் பலகையைத் துடைத்து, தனக்கு அடுத்துப் பிறந்த தம்பியின் கையில் கொடுத்தாள்.

"இன்னாடி, உன் பலகைய எதுக்கு அவன்கிட்ட குடுக்குற?" என்று கேட்டேன்.

"நாளைலேந்து அம்மா எடத்துல நான் போயி குந்தணும் நர்சம்மா. இல்லன்னா எடம் பூடும்" என்றாள். அழவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கோ என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அந்த இடம் எது என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது கொக்கி பட்டுச் சாக்கு கிழியும். கிழிந்த சாக்கெல்லாம் நம் கிடங்குக்கு வரும். நாற்பது பெண்கள் வரிசையாக அமர்ந்து தைப்பார்கள். தைத்த சாக்கு யானைக்கவுனி மண்டிகளுக்குப் போகும். ஒவ்வொருத்திக்கும் தரையில் ஒரு சாக்கு விரித்த இடம். அந்த இடம்தான் அவள் வேலை. ஒரே ஒரு நாள் அது காலியாகக் கிடந்தால் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆகவே தாய்க்குப் பிரசவம் என்றால் மூத்த பெண் போய் அந்த இடத்தில் உட்கார்ந்து காக்கிறாள், பாதிக் கூலிக்கு. தாய் உடம்பு தேறித் திரும்புகிறாள். அப்போதாவது பெண் பள்ளிக்குப் போகலாமா? போகலாம், கைக்குழந்தை தன்னைத் தானே பார்த்துக்கொண்டால். அது நடக்கத் தொடங்குவதற்குள் அடுத்த பிரசவத்துக்கு நான் மறுபடி பையோடு வந்து நிற்கிறேன்.

சபையோரே, அன்று காலை அந்த வீட்டில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் ஒரு குழந்தையை உலகத்துக்குள் அழைத்துவரும் ஒவ்வொரு முறையும், இன்னொரு குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வெளியே போகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் இதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். இன்னும் சொல்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதல்லவா? அந்தச் சட்டம் வந்து கேட்டால் காட்டுவதற்கு, பெண்ணின் வயதுக்கு ஒரு சீட்டு வேண்டும். தாயம்மா கேட்டாள். நானே பிரசவம் பார்த்த பெண்ணுக்கு, பத்து வயதுப் பெண்ணுக்கு, வயது பதினான்கு என்று எழுதிக் கொடுத்தேன். பாவம் பார்த்து எழுதினேன். பாவம் பார்த்துச் செய்த அந்தக் காரியம்தான் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய பாவம்.

பத்தாம் நாள் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போனேன். ராஜாத்தி கையைப் பின்னால் மறைத்தாள். கோணி ஊசி தெரியுமல்லவா, என் சாண் நீளம். உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்திருக்கிறது. கை வீங்கி, விரல் மடங்கவில்லை. மருந்து வைத்துக் கட்டினேன். "நாளைக்கு வேலைக்கு போலாமா நர்சம்மா?" என்று கேட்டாள். ஸ்கூலுக்குப் போகலாமா என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். நேரே கிடங்குக்கு நடந்தேன்.

அங்கே வரிசையில் ஏழு சிறுமிகள். ஏழு பேரும் என் கையில் பிறந்தவர்கள். ஏழு பேருக்கும் என் கையெழுத்தில் சீட்டு. "நாளைக்கே போய் என் சீட்டெல்லாம் பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்" என்று கத்தினேன். பெண்கள் கையைப் பிசைந்தார்கள். எழுதிக் கொடுத்தால் இடம் போகும், எழுதாவிட்டால் பிள்ளை போகும். அப்போதுதான் வரிசையில் தைத்துக்கொண்டிருந்த ஷம்ஷாத் பேசினாள். வண்டியோட்டும் கலீலுல்லாவின் மனைவி. சிரித்துக்கொண்டே பேசுகிறவள், சொன்னால் பின்வாங்காதவள்.

"எடத்தக் காக்கத்தானே பொண்ண குந்த வெக்கிறோம்? ஒரு ஊசிய குத்தி வெச்சா காக்காதா? தாயம்மா சாக்குல அவ ஊசி நிக்கட்டும். அவ வேலைய நாம ஆளுக்கு கொஞ்சமா தெச்சு போட்டுடலாம். எவ வந்து குந்துறான்னு பாத்துக்கலாம்."

எத்தனை எளிய சொல்! எத்தனை அறிஞர் கூடி எழுதினாலும் வராத சொல். மறுநாள் காலை ராஜாத்தியின் இடத்தில் ராஜாத்தி இல்லை. விரித்த சாக்கின் நடுவில் ஓர் ஊசி நின்றது.

முதலாளி வந்தார். இதோ இருக்கிறார், குனிந்து சிரிக்கிறார், ஆகவே தைரியமாகச் சொல்கிறேன். "காலியா கெடக்குற எடத்துக்கு நான் இன்னாத்துக்கு காத்துகினு இருக்கணும்?" என்று கேட்டார். "காலியா இல்ல முதலாளி, ஊசி கீது" என்றார்கள். அவர் ஊசியைப் பிடுங்கி, வேலை தேடி வாசலில் நின்ற வியாசர்பாடிப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். உட்காரு என்றார்.

அந்தப் பெண்ணுக்கு வேலை வேண்டும். எத்தனை நாள் அலைந்தாளோ. ஊசியைப் பார்த்தாள், விரித்த சாக்கைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். விஷயம் என்ன என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லக் கேட்டாள். பிறகு குனிந்து, எடுத்த இடத்திலேயே ஊசியைக் குத்தி வைத்தாள்.

"இங்க ஆள் கீது முதலாளி. எனக்கும் வூட்ல ஒரு பொண்ணு கீது" என்றாள்.

அன்பர்களே, ஆயிரம் மேடை ஏறி ஆயிரம் பேச்சுப் பேசினாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகுமா? முதலாளி என்ன செய்தார்? கோபித்தாரா? கோபித்தார். கதவைச் சாத்தினாரா? சாத்தவில்லை. மலையாகக் குவிந்து கிடந்த கிழிசல் சாக்கிலிருந்து ஒன்றை உருவி, வரிசையின் கடைசியில் விரித்து, அந்தப் பெண்ணை அங்கே உட்காரச் சொன்னார். பாருங்கள் விந்தையை. இடமே இல்லை, இடம் போய்விடும் என்று எத்தனை ஆண்டு நடுங்கினோம். இடம் கிடங்கு நிறையக் கிடந்தது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியது வறுமை மட்டும் அல்ல, பயம். அந்தப் பயத்தால் பாதிக் கூலியில் ஆள் கிடைத்தது. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல எந்த முதலாளிக்கு மனம் வரும்? இனி வரும். வந்திருக்கிறது. கொட்டகைக்கு மூலையும் கூரையும் கொடுத்தவர் அவரே. கை தட்டுங்கள், கொஞ்சமாகத் தட்டுங்கள், அதிகம் தட்டினால் பழைய கதையை மறந்துவிடுவார்.

இடத்தை ஊசி காத்தது. குழந்தையை யார் காப்பது? அதற்குத்தான் தொட்டில். பெரிய சாக்கை மடித்துத் தைத்துத் தாங்களே கட்டிய பன்னிரண்டு தொட்டில். முறை வைத்து ஒருத்தி பார்த்துக்கொள்வாள். பால் கொடுக்கத் தாய் பத்தடி நடந்தால் போதும். ஆனால் காலையில் குழந்தையைத் தூக்கி வருவது யார்? அப்பன்தான் என்று தாய்மார்கள் தீர்ப்பளித்தார்கள். வேலப்பன், ஒளியாதே, எழுந்து நில். இரண்டு அரிசி மூட்டையைத் தோளில் போட்டுப் பலகையில் ஓடுகிற இந்த மல்லன், ஏழு பவுண்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தபோது, "கீழ வுட்டுடுவேன் நர்சம்மா, ஒரு கூடைல போட்டு குடு" என்றான். கூடை தரவில்லை. இப்போது ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பீடி என்று நடக்கிறான். பீடியைக் கீழே போடு அப்பா.

தலைவர் அவர்களே, உங்களையும் விடமாட்டேன். ராஜாத்தி திரும்பி வந்தபோது அவள் பெயரை அடித்திருந்தீர்கள். விதி என்றீர்கள். பெயரை அடித்த பேனாவால்தான் அதைத் திரும்ப எழுத வேண்டும் என்று உங்கள் மேசை முன் உட்கார்ந்துகொண்டேன். மாலைக்குள் எழுதினீர்கள். நன்றி. அந்த ஏழு சீட்டையும் கிழித்துப்போட்டு, உண்மை வயதை எழுதி மாநகராட்சியில் கொடுத்துவிட்டேன். ஓலை ஒன்று அனுப்பி, விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொள்கிறேன்.

ராஜாத்தி எங்கே என்று தேடுகிறீர்களா? மேடையில் ஏற்றி மாலை போடலாம் என்று விழாக்குழு சொன்னது. வேண்டாம் என்றேன். ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போவதற்கு எதற்கு மாலை? சோறு தின்பதற்கு மாலை போடுகிறோமா? மூச்சு விடுவதற்கு மாலை போடுகிறோமா? நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறாள். மாலை போடாத, மேடை ஏற்றாத, யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணக் காரியமாகப் பிள்ளைகள் படிக்கப் போகும் நாள் வர வேண்டும். அந்த நாள் டெல்லியிலிருந்து ரயிலில் வராது. இந்தச் சந்தில், இந்தப் பேட்டையில், நம் கையால் பிறக்க வேண்டும்.

ஆகவே இன்றுமுதல் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் நான் முதலில் ஒன்றைக் கேட்பேன். மூத்த பெண் நாளைக் காலை எங்கே இருப்பாள்? சரியான பதில் வராவிட்டால் உள்ளே வரமாட்டேன் என்று நினைக்காதீர்கள். வருவேன். வந்து, உங்கள் மாமியாரைவிட அதிகமாகப் பேசுவேன்.

இருங்கள், சீட்டு வந்திருக்கிறது. நேரமாகிவிட்டது என்கிறாரா தலைவர்? இல்லை. 'ஷம்ஷாத்துக்கு வலி எடுத்துவிட்டது, உடனே வரவும்.'

கலீலுல்லா, எங்கேயப்பா இருக்கிறாய்? எழுந்திரு, பதறாதே, இதோ வருகிறேன். ஒரே கேள்வி. உன் மூத்தவள் மலிகா எங்கே? "வூட்ல அம்மாகிட்ட கீறா" என்கிறாய். நல்லது. நாளைக் காலை எங்கே இருப்பாள்?

தலையைச் சொறிந்தால் பதில் வராது. கூட்டம் பார்க்கிறது. அங்கே யார், தாயம்மாவா? என்ன சொல்கிறாள், கேள்: "ஷம்ஷாத் ஊசி எங்க கைல கீது அண்ணே, நாளைக்கு குத்திடுவோம், நீ பதில சொல்லு." கேட்டாயா? இனிச் சொல்.

உரக்கச் சொல்லப்பா, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம்.

"ஸ்கூல்ல இருப்பா நர்சம்மா. நீ மொதல்ல கெளம்பு."

கேட்டீர்களா சபையோரே? தலைமையாசிரியர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள், நான்காம் வகுப்பு, மலிகா. என் உரை முடியவில்லை, வேலை வந்துவிட்டது. அழைத்தவர்களுக்கும், பொறுத்தவர்களுக்கும், சிரித்தவர்களுக்கும் நன்றி. அனைவருக்கும் சலாம், வணக்கம். அந்தப் பையை எடுங்கள், கொஞ்சம் வழி விடுங்கள்.